ஹேக்கின்டோஷுக்குப் பாகம் வாங்கும் வரிசை: மட்டக்களப்பிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

அப்பிளின் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸைச் சாதாரணக் கணினியில் ஓட்டுவதைத்தான் ஹேக்கின்டோஷ் என்கிறோம். ஐஃபோன் செயலி எழுதும் மென்பொருளான எக்ஸ்கோட் படிக்க விரும்பும் பல்கலைக்கழகப் பிள்ளைகள், கல்யாண வீடியோவை ஃபைனல் கட்டில் வெட்டுபவர்கள், லொஜிக்கில் பாட்டுப் பதிபவர்கள் என்று பலருக்கு இதில் கைகொடுத்திருக்கிறேன். அநேகமானோர் பாகங்களை எல்லாம் வாங்கி மேசையில் பரப்பிவிட்டுத்தான் "அண்ணன், இதில மேக் ஏறுமா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி கடைக்குப் போகுமுன் வந்திருக்கவேண்டும்.

விண்டோஸ் எந்தப் பாகத்தையும் எப்படியோ ஏற்றுக்கொள்ளும். மேக்ஓஎஸ்ஸிலோ அப்பிள் தன் கணினிகளில் பொருத்திய பாகங்களுக்கான டிரைவர்கள், அதாவது பாகத்தை இயக்கும் மென்பொருள்கள், மட்டுமே உண்டு. மற்றச் சில பாகங்களுக்கு ஆர்வலர்கள் எழுதிய கெக்ஸ்ட்கள் இருக்கின்றன. கெக்ஸ்ட் என்றால் மேக்ஓஎஸ்ஸின் டிரைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெட்வேர்க்குக்கும் சத்தத்துக்கும் அவை நன்றாக வேலை செய்யும். பொருந்தாத கிராபிக்ஸ் கார்டை அப்படிக் காப்பாற்ற முடிவது மிக அபூர்வம்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். அப்பிளின் உரிம ஒப்பந்தம் மேக்ஓஎஸ்ஸை அப்பிள் கணினிகளில் மட்டுமே நிறுவ அனுமதிக்கிறது. சொந்தப் படிப்புக்கும் பரிசோதனைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டி விற்கும் வியாபாரமாக ஆக்கவேண்டாம்.

1. முதலில் பதிப்பை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, உங்களுக்கு எந்த மென்பொருள் வேண்டும், அது எந்த மேக்ஓஎஸ் பதிப்பைக் கேட்கிறது என்று எழுதுங்கள். மற்ற எல்லா முடிவும் இந்த ஒரு வரியிலிருந்துதான் பிறக்கும். ஒவ்வொரு பதிப்பும் சில பழைய பாகங்களைக் கைவிட்டுக்கொண்டே வந்திருக்கிறது. கீழே வரும் ஹை சியரா, பிக் சர் 11, மொன்டரே 12, வென்ச்சுரா 13, சொனோமா 14, சிக்வோயா 15, டஹோ 26 எல்லாம் பழையதிலிருந்து புதியது வரை மேக்ஓஎஸ் பதிப்புகளின் பெயர்கள்.

எக்ஸ்கோட் 16-க்குச் சொனோமா 14.5 வேண்டும். எக்ஸ்கோட் 26-க்குச் சிக்வோயா 15.6 வேண்டும். ஆகவே ஐஃபோன் செயலி எழுதப் படிப்பவர் சிக்வோயாவை இலக்காக வைக்கவேண்டும். வீடியோவும் பாட்டும்தான் வேலை என்றால், உங்களிடம் இருக்கும் மென்பொருள் பதிப்பு ஏற்கும் பட்சத்தில் சொனோமாவோ வென்ச்சுராவோ போதும்.

இன்டெல் கணினிகளுக்கான கடைசிப் பதிப்பு டஹோ 26 என்று அப்பிள் 2025 ஜூனில் அறிவித்துவிட்டது. அதற்கு அடுத்த பதிப்பு அப்பிளின் சொந்தச் சில்லில் மட்டும்தான் ஓடும். நீங்கள் இன்று பூட்டும் கணினி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் பாதை அங்கே முடியும். இது பலருக்குக் கசப்பான செய்தி. ஆனாலும் காசு கட்டுமுன் தெரியவேண்டிய செய்தி. எக்ஸ்கோட் மட்டும்தான் தேவை, கையில் ஓரளவு பணமும் இருக்கிறது என்றால், எல்லாப் பாகங்களின் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டு 2020-இல் வந்த எம்1 மேக் மினி ஒன்றின் பாவித்த விலையையும் விசாரியுங்கள். இரண்டும் பக்கத்தில் வந்தால் மேக் மினியை வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஏற்கெனவே பாதிப் பாகங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும், பூட்டிப் பழக விரும்புபவர்களுக்கும்தான் மீதி வழிகாட்டி.

2. கிராபிக்ஸ்: இதில் பிழைத்தால் எல்லாம் பிழை

சிபியு வாங்குமுன் கிராபிக்ஸை முடிவு செய்யச் சொன்னால் பலர் வியப்பாகப் பார்ப்பார்கள். மற்றப் பாகம் பொருந்தாவிட்டால் ஒரு வசதி குறையும். கிராபிக்ஸ் பொருந்தாவிட்டால் ஜன்னலை இழுத்தாலே திரை இழுபடும், ஃபைனல் கட் திறக்கவே திறக்காது.

என்விடியா கார்டுகளை ஒரேயடியாக விட்டுவிடுங்கள். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடி 1030 போன்ற பாஸ்கல் கார்டுகளுக்கு 2017-இல் வந்த ஹை சியராவோடு டிரைவர் நின்றுவிட்டது. ஜிடிஎக்ஸ் 16 வரிசைக்கும் ஆர்டிஎக்ஸ் வரிசைகளுக்கும் டிரைவர் வந்ததே இல்லை. ஜிடி 710 போன்ற கெப்ளர் கார்டு பிக் சர் வரை ஓடும், மொன்டரேயில் நின்றுவிடும். நம் பக்கத்துக் கடைகளில் விலை குறைவாகக் கிடைப்பது பெரும்பாலும் இந்தக் கார்டுகள்தான். அதனால்தான் புதியவர்கள் முதலில் விழும் குழியும் இதுதான்.

ஏஎம்டியில் பொருந்துபவை இவை. ஆர்எக்ஸ் 460 முதல் 480 வரை, 560 முதல் 580 வரை உள்ள போலாரிஸ் கார்டுகள். ஆர்எக்ஸ் 5500 எக்ஸ்டி, 5600 எக்ஸ்டி, 5700, 5700 எக்ஸ்டி. ஆர்எக்ஸ் 6600, 6600 எக்ஸ்டி ஆகியவை மொன்டரே 12.1 முதல். ஆர்எக்ஸ் 6800, 6800 எக்ஸ்டி, 6900 எக்ஸ்டி ஆகியவை பிக் சர் 11.4 முதல்.

பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தும் பொருந்தாதவை உண்டு, அங்கேதான் கவனம் வேண்டும். ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி, 6700 எக்ஸ்டி ஆகியவற்றுக்கு அப்பிளின் டிரைவர் கிடையாது. ஆர்எக்ஸ் 7000 வரிசை முழுவதுக்கும் கிடையாது. "6600 ஓடுதே, அதைவிடப் பெரிய 6700 ஓடாதா?" என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அப்பிள் தன் மேக்குகளுக்கு எந்தச் சில்லை எடுத்ததோ அதற்குத்தான் டிரைவர் எழுதியது. 6700 எக்ஸ்டியில் இருக்கும் நவி 22 சில்லை அது எடுக்கவில்லை.

ஆர்எக்ஸ் 550 தனிக் கதை. ஒரே பெயரில், ஒரே மாதிரிப் பெட்டியில் இரண்டு வேறு சில்லுகள் உள்ள கார்டுகள் விற்றன. பாஃபின் சில் உள்ளது ஓடும். லெக்ஸா சில் உள்ளது நேரடியாக ஓடாது, வேறு கார்டு போல வேடம் போடவைத்துப் போராடவேண்டும். பெட்டியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கடையில் கார்டைப் பூட்டவைத்து, ஜிபியு-இசட் என்ற சிறிய இலவச மென்பொருளைத் திறந்தால் முதல் வரிகளிலேயே சில்லின் பெயர் தெரியும். விற்பவர் பூட்டிக் காட்ட மறுத்தால் அந்த 550-ஐ வாங்கவேண்டாம்.

பாவித்த ஆர்எக்ஸ் 570, 580 கார்டுகள் பல கிரிப்டோ மைனிங்கில் ஓடியவை. ஓடியது குற்றமில்லை. மைனிங்குக்காகக் கார்டின் பயோஸை, அதாவது அதற்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை, மாற்றி எழுதியிருப்பார்கள், அதில்தான் சிக்கல். விண்டோஸில் படம் வரும், மேக்ஓஎஸ் தொடங்கும்போது திரை கறுத்துவிடும். சில கார்டுகளில் பக்கவாட்டில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். அது இரண்டாவது பயோஸுக்கு மாற்றுவது. மற்றவற்றில் அசல் பயோஸைத் திரும்ப எழுதவேண்டிவரும். விற்பவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "நானா, இது மைனிங்ல ஓடின கார்டா? பயோஸ் மாத்தினதா?" பலர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

தனிக் கார்டு இல்லாமல், சிபியுவுக்குள் இருக்கும் கிராபிக்ஸை மட்டும் வைத்தும் ஓட்டலாம். எக்ஸ்கோட் படிக்கவும் சாதாரண வெட்டு வேலைக்கும் இன்டெல் யுஎச்டி 630 தாராளம். முதல் தடவை பூட்டுபவருக்கு நான் சொல்வதும் இதைத்தான். செலவு குறைவு, மின்சாரம் குறைவு, பிழை நடக்கும் இடங்களும் குறைவு.

3. சிபியு

8, 9, 10ஆம் தலைமுறை இன்டெல் கோர் சிபியுக்கள்தான் நடுவான தெரிவு. ஐ3-9100, ஐ5-8400, ஐ5-9400, ஐ3-10100, ஐ5-10400 எல்லாவற்றிலும் யுஎச்டி 630 இருக்கிறது.

சிபியு பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஐ5-9400எஃப், ஐ5-10400எஃப் போன்றவற்றில் கிராபிக்ஸ் பகுதி வேலை செய்யாது. விலை சற்றுக் குறைவு என்று வாங்கிவிட்டு, மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் கேபிளைச் செருகிப் படம் வரவில்லை என்று தலையில் கைவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரிவு 2-இல் சொன்ன ஏஎம்டி கார்டு ஏற்கெனவே கையில் இருந்தால் மட்டும் 'எஃப்' வாங்கலாம்.

பென்டியம், செலரோன் வேண்டவே வேண்டாம். வென்ச்சுரா முதல் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி சிபியுவில் இருக்கவேண்டும். அந்தத் தலைமுறைகளின் பென்டியத்திலும் செலரோனிலும் அது இல்லை. அவற்றின் உள் கிராபிக்ஸுக்கும் ஆதரவு இல்லை.

11ஆம் தலைமுறையிலிருந்து உள் கிராபிக்ஸ் மாறிவிட்டது. அப்பிள் அதை எந்த மேக்கிலும் பாவிக்கவில்லை. 11, 12ஆம் தலைமுறை வைத்திருப்பவருக்கு ஏஎம்டி கார்டு கட்டாயம். "புதுசுதானே நல்லது" என்று கடைக்காரர் சொல்வது விண்டோஸுக்குச் சரி. இங்கே புதியது என்றால் டிரைவர் இல்லாதது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பழைய 4ஆம் தலைமுறைக் கணினி கிடக்கிறது என்றால், அதன் எச்டி 4600 கிராபிக்ஸ் மொன்டரே வரைதான். 6ஆம் தலைமுறையின் எச்டி 530, வென்ச்சுராவிலிருந்து 7ஆம் தலைமுறை போல வேடம் போட்டால் ஓடும். பழகிப் பார்க்க இரண்டும் போதும். அவற்றை நம்பிப் புதிதாகப் பணம் போடவேண்டாம்.

ரைசன் சிபியுவிலும் மேக்ஓஎஸ் ஓடும், இயங்குதளத்தின் கருவான கேர்னலுக்குச் சில ஒட்டுப்போட வேண்டும். ஆனால் மெய்நிகர் இயந்திரத்துக்கு அப்பிள் தரும் வசதி அதில் வேலை செய்யாது. டொக்கர், அண்ட்ரொயிட் எமுலேட்டர் எல்லாம் கைவிட்டுவிடும். மென்பொருள் படிக்கும் மாணவருக்கு இது பெரிய இழப்பு.

4. மதர்போர்ட்

இங்கே சொக்கெட் பெயர் ஏமாற்றும். எல்ஜிஏ1151 என்ற ஒரே பெயரில் இரண்டு குடும்பங்கள் உண்டு. எச்110, பி250 போன்ற 100, 200 வரிசைப் போர்ட்கள் 6, 7ஆம் தலைமுறைக்கு. எச்310, பி360, பி365, இசட்390 போன்ற 300 வரிசை 8, 9ஆம் தலைமுறைக்கு. ஐ5-9400 எச்110 போர்டில் அழகாக உட்காரும், ஆனால் ஓடாது. 10ஆம் தலைமுறைக்கு எச்410, பி460, எச்470, இசட்490 போன்ற எல்ஜிஏ1200 போர்ட்கள்.

எச்310 மலிவு. ஆனால் அதன் சிப்செட் தருவது பிசிஐஇ 2.0 மட்டும். அது மெதுவான பழைய இணைப்பு, அதில் போர்டில் நேரே செருகும் வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி போட்டாலும் முழு வேகம் வராது. போர்ட் எச்310 என்றால் கேபிளில் இணைக்கும் சாட்டா எஸ்எஸ்டியே போதும், மிச்சக் காசை ரேமில் போடுங்கள். ரேம் 8 ஜிபியில் எக்ஸ்கோட் மூச்சுத்திணறும், 16 ஜிபி வையுங்கள்.

போர்டின் முழுப் பெயரையும் அதில் அச்சிட்டிருக்கும் திருத்த எண்ணையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே போர்டின் வேறு திருத்தங்களில் சத்தச் சில்லும் நெட்வேர்க் சில்லும் மாறலாம். பின்னால் அமைப்புக் கோப்பு எழுதும்போது இந்தப் படம்தான் உங்களைக் காப்பாற்றும்.

அலுவலகங்களிலிருந்து கழித்துவிட்ட டெல், எச்பி, லெனோவோ கணினிகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. உள் கிராபிக்ஸோடு மட்டும் ஓட்டுவதென்றால் நல்ல தெரிவு. கார்டு போட நினைத்தால் முதலில் மூடியைத் திறந்து பாருங்கள். சிறிய பெட்டிகளில் குட்டையான கார்டுதான் நுழையும், பவர் சப்ளையும் பெரும்பாலும் அந்தக் கொம்பனிக்கே உரிய வடிவத்தில் இருக்கும்.

5. திரையும் கேபிளும்

சின்ன விஷயம் போலத் தெரிவதால் எல்லோரும் தாண்டிப் போகும் இடம் இது. பழைய மொனிட்டர்கள் பலவற்றில் விஜிஏ மட்டும்தான் இருக்கும். இன்டெல் 6ஆம் தலைமுறையிலிருந்து போர்டில் விஜிஏ துளை இருந்தாலும் மேக்ஓஎஸ்ஸில் அதில் படம் வராது. நிறுவல் பாதிவழியில் நின்றுவிட்டது என்று நினைத்து மூன்று நாட்கள் மண்டையை உடைத்துக்கொண்ட ஒருவருக்கு, கடைசியில் கேபிளை மாற்றியதும் எல்லாம் சரியாக வந்தது. எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளேபோர்ட் உள்ள மொனிட்டரை முதலிலேயே இரவல் வாங்கிவையுங்கள்.

6. எஸ்எஸ்டி

சாட்டா எஸ்எஸ்டி எதுவும் ஏறக்குறைய ஓடும். என்விஎம்இ வாங்கும்போது மூன்று பெயர்களைத் தவிருங்கள்: சாம்சங் பிஎம்981, சாம்சங் பிஎம்991, மைக்ரோன் 2200எஸ். இவை மடிக்கணினிகளிலிருந்து கழற்றப்பட்டு, பாவித்த சந்தையில் மலிவாக வரும். மேக்ஓஎஸ்ஸில் திடீர் திடீரென்று கேர்னல் பெனிக் தரும், அதாவது இயங்குதளமே விழுந்துவிடும். கடையில் சாம்சங் 970 எவோ பிளஸ் பழைய ஃபெர்ம்வெயரோடு கிடைத்தால், விண்டோஸில் வைத்துப் புதுப்பித்த பிறகு பாவியுங்கள்.

விண்டோஸும் வேண்டும் என்றால் இரண்டு தனித் தட்டுகள் (டிஸ்க்) போடுங்கள். ஒரே தட்டைப் பிரித்தால், கணினியைத் தொடக்கும் கோப்புகளுக்காக விண்டோஸ் உருவாக்கும் ஈஎஃப்ஐ பகுதி 100 எம்பிதான் இருக்கும். மேக்ஓஎஸ் நிறுவி 200 எம்பி கேட்டு அடம்பிடிக்கும்.

7. நெட்வேர்க்: வைஃபையை நம்பி இறங்கவேண்டாம்

நிறுவும்போதே இணையம் தேவைப்படும். உங்களிடம் வேறு மேக் இல்லை என்றால் முழு நிறுவியை எளிதாகச் செய்ய வழியில்லை. சிறிய மீட்புப் படத்தை (ரிகவரி இமேஜ்) மட்டும் யுஎஸ்பியில் வைத்துத் தொடங்கி, மீதியை நிறுவும்போதே இறக்கவேண்டும். அது 12 ஜிபிக்கு மேல் போகும். பாதியில் அறுந்தால் பெரும்பாலும் முதலிலிருந்துதான். எனவே இரவு டேட்டா பொதியில் போதிய அளவு மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இந்த வேலைக்குக் கம்பி இணைப்புத்தான் வேண்டும். ரியல்டெக் ஆர்டிஎல்8111, இன்டெல் ஐ219-வி ஆகிய இரண்டுக்கும் உறுதியான கெக்ஸ்ட்கள் உண்டு. நான் மேலே சொன்ன போர்ட்களில் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் இருக்கும். வீட்டில் 4ஜி ரௌட்டர் என்றால் அதன் பின்புறத்தில் லான் துளை இருக்கும். அது நடு மண்டபத்தில் இருக்கிறது, கணினி அறைக்குள் இருக்கிறது என்றால், கணினியைத் தூக்கிக்கொண்டு போய் ரௌட்டருக்குப் பக்கத்தில் வைத்து நிறுவுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். கைபேசியை யுஎஸ்பியில் இணைத்து இணையம் எடுப்பது விண்டோஸில் எளிது. இங்கே அண்ட்ரொயிட் கைபேசிக்குத் தனிக் கெக்ஸ்ட் வேண்டும், புதிய பதிப்புகளில் அது தகராறு செய்யும்.

நிறுவி முடித்த பிறகு வைஃபையைப் பார்க்கலாம். இன்டெல் வைஃபை கார்டுகளுக்கு ஆர்வலர்கள் எழுதிய கெக்ஸ்ட் உண்டு. சிக்வோயாவில் அதோடு ஹெலிபோர்ட் என்ற சிறு செயலியையும் போட்டால் இணையும், ஆனால் அப்பிள் சாதனங்களுக்கிடையே கோப்பு அனுப்பும் ஏர்டிரொப் வராது. அப்பிள் பாவித்த புரோட்கொம் கார்டுகள் வென்ச்சுரா வரை நேரடியாக ஓடின, சொனோமா அவற்றைக் கைவிட்டது. இப்போது அவற்றை ஓட்டவேண்டுமென்றால் இயங்குதளத்துக்கே ஒட்டுப்போட வேண்டும், ஒவ்வொரு புதுப்பிப்பிலும் அது கழன்றுவிடும். "மேக்குக்கு இதுதான் பெஸ்ட்" என்ற பழைய பரிந்துரையைக் கேட்டு அந்தக் கார்டைத் தருவிக்கவேண்டாம். விரல் அளவு ரியல்டெக் யுஎஸ்பி வைஃபை டொங்கிள்களையும் நம்பவேண்டாம்.

8. பவர் சப்ளை, யுபிஎஸ், உப்புக் காற்று

உள் கிராபிக்ஸ் மட்டும் என்றால் நல்ல தரமான எந்தப் பவர் சப்ளையும் போதும். ஆர்எக்ஸ் 580 தனியே 185 வாட் எடுக்கும், ஐ5-9400 65 வாட். இரண்டுக்கும் மற்றவற்றுக்கும் சேர்த்து உண்மையான 500 வாட் வேண்டும். உறையோடு இலவசமாக வரும் பவர் சப்ளையில் எழுதியிருக்கும் எண்ணை நம்பவேண்டாம். ஆர்எக்ஸ் 6600 132 வாட்தான், அந்த வகையில் அது சிக்கனமான கார்டு.

யுபிஎஸ் இல்லாமல் பயோஸ் புதுப்பிக்கவேண்டாம், மேக்ஓஎஸ் நிறுவவும் வேண்டாம். மாரியில் ஒரு மின்வெட்டு பயோஸை எழுதும் நடுவில் வந்தால் போர்டே போய்விடும்.

கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கடலோடு ஒட்டிய ஊர்களில் பாவித்த பாகங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். திருகு ஓட்டைகளைச் சுற்றியும் துளைகளின் உலோகத்திலும் பச்சை அல்லது வெள்ளைப் பூப்பு இருந்தால் உப்பு ஏறியிருக்கிறது. கார்டின் செருகு முனையில் மட்டும் மங்கல் என்றால் அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, ஐசோபுரோபைல் அல்கஹோலால் கழுவிவிடலாம். போர்டின் உட்பகுதியில் பூப்பு இருந்தால் வாங்கவேண்டாம். இந்தப் பழுது ஒருநாள் வரும், ஒருநாள் வராது. நீங்கள் கெக்ஸ்டில் பிழை தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

பழைய வீடுகளில் எர்த் இல்லாத பிளக் மாற்றிகளைப் போட்டுக் கணினியை ஓட்டுகிறார்கள். உறையைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும். எர்த் உள்ள சொக்கெட்டில் மட்டும் இணையுங்கள்.

9. கடையில் நின்றபடியே

உள்ளூரில் கிடைப்பதை உள்ளூரிலேயே வாங்குங்கள். கொழும்பில் சற்று மலிவு என்று பஸ் பார்சலில் போட்டு எடுப்பித்த கார்டு வேறு சில்லாக வந்தால், அதை மாற்ற உதயதேவி ரயிலில் ஒரு நாள் முழுவதும் போகும்.

காசு கொடுக்குமுன் போர்ட், சிபியு, ரேமைப் பூட்டவைத்து விண்டோஸைத் திறக்கச் சொல்லுங்கள். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே, நெட்வேர்க், தட்டு ஆகிய மூன்றையும் திறந்து பெயர்களைப் படம் எடுங்கள். கையில் இருக்கும் தாளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். "தம்பி, எல்லாம் ஒண்டுதான், பயப்படாம கொண்டு போங்க" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, விண்டோஸை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களா என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

10. பூட்டியதும் பயோஸ்

முதலில் விண்டோஸையோ லினக்ஸையோ ஒரு நாள் ஓட்டுங்கள். பாகம் பழுதா, அமைப்புப் பிழையா என்று பின்னால் குழம்பாமல் இருக்க இதுதான் வழி.

பழைய போர்ட் என்றால் சிஆர்2032 பெற்றரியை மாற்றிவிடுங்கள். பெற்றரி செத்திருந்தால் திகதி பின்னால் போய்விடும். நிறுவி அப்பிளோடு பேச முடியாமல், மீட்புச் சேவையகத்தைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்ற செய்தியோடு நிற்கும். இணையத்தில்தான் பிழை என்று ரௌட்டரைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டவர்களின் கணினியில் ஆண்டு 2018 என்று இருந்ததைக் கண்டிருக்கிறேன்.

பயோஸில் ஃபாஸ்ட் பூட், செக்கியூர் பூட், சிஎஸ்எம் மூன்றையும் அணையுங்கள். சிஎஃப்ஜி லொக் தெரிந்தால் அதையும் அணையுங்கள். சாட்டாவை ஏஎச்சிஐயில் வையுங்கள், உள் கிராபிக்ஸுக்கான டிவிஎம்டி அளவு 64 எம்பி. இவற்றைப் படம் எடுத்துவையுங்கள், பயோஸைப் புதுப்பித்தால் எல்லாம் பழையபடி திரும்பிவிடும்.

11. யுஎஸ்பியும் நிறுவலும்

மேக்ஓஎஸ்ஸைத் தொடக்கிவிடும் மென்பொருளாக ஓபன்கோரைப் பாவியுங்கள், அதற்கான டோர்டானியா என்ற இணைய வழிகாட்டியில் உங்கள் சிபியு தலைமுறைக்குரிய பக்கத்தை மட்டும் பின்பற்றுங்கள். வேறொருவர் "இதே போர்டுக்கு" என்று தரும் ஆயத்த ஈஎஃப்ஐ கோப்புறையை எடுக்கவேண்டாம். அதில் அவருடைய தொடர் இலக்கமும் அவருடைய போர்டின் அட்டவணைகளும் இருக்கும். உங்களுடையதில் என்ன பிழை என்று கண்டுபிடிக்கவும் முடியாது, ஏனென்றால் அதில் எது ஏன் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

உங்கள் கணினி எந்த மேக் போல வேடம் போடவேண்டும் என்பதையும் ஓபன்கோரில் சொல்லவேண்டும்: 9ஆம் தலைமுறைக்கு ஐமேக் 19,1, 10ஆம் தலைமுறைக்கு ஐமேக் 20,1. 'எஃப்' சிபியுவும் ஏஎம்டி கார்டும் என்றால் ஐமேக்புரோ 1,1 அல்லது மேக்புரோ 7,1. ஆர்எக்ஸ் 5000, 6000 வரிசையின் நவி கார்டுகளுக்கு 'agdpmod=pikera' என்ற பூட் ஆர்கியுமென்ட்டையும் (தொடங்கும்போது கொடுக்கும் கட்டளை) சேர்க்க மறக்கவேண்டாம், இல்லாவிட்டால் திரை கறுக்கும். கார்டு போடுவதாக இருந்தால் நிறுவுமுன்பே போட்டுவிடுங்கள். உள் கிராபிக்ஸில் படம் எடுக்கும் அமைப்பும், கார்டில் எடுக்கும் அமைப்பும் வேறு.

நிறுவும்போது விண்டோஸ் தட்டின் கேபிளைக் கழற்றிவையுங்கள். பிழையான தட்டை அழித்தவர்களுக்கு அதைத் திரும்பக் கொடுக்க என்னால் முடியவில்லை.

யுஎஸ்பியைப் பின்புறத்து யுஎஸ்பி 2.0 துளையில் செருகுங்கள். முன்புறத்திலோ 3.0 துளையிலோ செருகித்தான் பலருக்குத் திரையில் தடை அடையாளம் (குறுக்குக் கோடு போட்ட வட்டம்) வந்து நின்றுவிடுகிறது.

நிறுவியில் தட்டுகளை அழிக்கும் டிஸ்க் யுட்டிலிட்டியில் எஸ்எஸ்டி தெரியாவிட்டால் பயப்படவேண்டாம். 'வியூ' பட்டியலில் எல்லாச் சாதனங்களையும் காட்டும் தெரிவை அழுத்துங்கள். பகுதியை அல்லாமல் முழுத் தட்டையும் தெரிவுசெய்து, ஏபிஎஃப்எஸ் வடிவத்தில், ஜியுஐடி அட்டவணையோடு அழியுங்கள்.

நிறுவல் நடுவில் கணினி பல தடவை தானாக மறுதொடக்கம் ஆகும். ஒவ்வொரு தடவையும் ஓபன்கோர் பட்டியலில் 'மேக்ஓஎஸ் இன்ஸ்டோலர்' என்ற வரியைத் தெரிவுசெய்யவேண்டும். அதை விட்டு மீண்டும் மீட்புப் படத்தைத் தெரிவுசெய்து, முதலிலிருந்து 12 ஜிபியை இறக்கியவர்கள் நிறையப் பேர்.

12. முதல் நாள் செய்யவேண்டியவை

படம், சத்தம், கம்பி இணையம் மூன்றும் வந்ததும் யுஎஸ்பி துளைகளை வரைபடுத்துங்கள், அதாவது எந்தத் துளைகளைப் பாவிக்கவேண்டும் என்று மேக்ஓஎஸ்ஸுக்குச் சொல்லுங்கள். ஒரு கட்டுப்படுத்திக்கு 15 துளைகள் என்பது மேக்ஓஎஸ்ஸின் எல்லை, யுஎஸ்பி 3.0 துளை ஒன்று இரண்டாகக் கணக்காகும். இதைச் செய்யாவிட்டால் தூக்க நிலையிலிருந்து கணினி எழும்பாமல் போகலாம்.

அப்பிள் கணக்கில் நுழையுமுன், ஓபன்கோர் அமைப்புக்கு நீங்கள் உருவாக்கிய மேக் தொடர் இலக்கத்தை அப்பிளின் உத்தரவாதப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். செல்லாத இலக்கம் என்று வரவேண்டும். யாரோ ஒருவருடைய மேக் என்று வந்தால் வேறு இலக்கம் உருவாக்குங்கள்.

தானியங்கிப் புதுப்பிப்பை அணையுங்கள். பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் ஈஎஃப்ஐ கோப்புறையை ஒரு தனி யுஎஸ்பியில் பிரதி எடுத்து, அதிலிருந்து ஒருமுறை தொடக்கியும் பாருங்கள். தொடங்கினால் அதன்மேல் திகதியை எழுதி, மேசை லாச்சிக்குள் வையுங்கள்.